வவுனியா நகல் எவ்வளவு பின்னால் நிற்கிறது? போஸ்ட்கிரெஸ் பின்தங்கலையும் தரவு இழப்பையும் அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

தை, மாசியில் காலபோக நெல் வந்து குவியும் நாட்களில் கிளிநொச்சியில் ஒரு கொள்வனவு நிலையம் நிமிடத்திற்கு 3 பற்றுச்சீட்டு அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றுச்சீட்டுகள் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பதிவாகின்றன. எழுத்து நடக்கும் பிரைமரி சேர்வர் அங்கேயே, அதைத் தொடர்ந்து பிரதி எடுக்கும் நகல் சேர்வர் வவுனியாவில். மின்னல் அடித்துக் கிளிநொச்சிச் சேர்வர் போய்விடுகிறது. அந்த நேரம் நகல் 5 நிமிடம் பின்னால் இருந்திருந்தால் 15 பேருடைய பற்றுச்சீட்டு அதில் இல்லை. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த விலைப்படி நாட்டு நெல் கிலோ 120 ரூபா. ஒருவர் 2,000 கிலோ இறக்கியிருந்தால் அவருக்குச் சேரவேண்டியது 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபா. “தம்பி, என்னட்டைச் சீட்டு இருக்கு, உங்கடை கொம்பியூட்டரிலை ஏன் இல்லை?” என்று அவர் வந்து நிற்பார்.

எத்தனை செக்கன் பின்தங்கினால் எச்சரிக்கை வரவேண்டும் என்ற வரம்பை இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாதிரி விதிகளில் எழுதியிருக்கும் 30 செக்கன், 300 செக்கன் எல்லாம் வேறு யாரோ ஒருவருடைய தொழிலுக்கு வைத்த எண்கள். அறுவடை நாளில் 1 நிமிடமே அதிகமாக இருக்கலாம். ஆவணியில் 10 நிமிடம்கூடப் பரவாயில்லாமல் இருக்கலாம்.

கீழே சொல்வது போஸ்ட்கிரெஸ் 13 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே பைபர் இணைப்பு, அது அறுந்தால் 4ஜி ரௌட்டர் என்ற அமைப்பை மனதில் வைத்திருக்கிறேன். வன்னியில் அதிகம் சாத்தியமானது அதுதான்.

## முதலில் எதை அளக்கிறோம்

போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் வால் (WAL) என்ற மாற்றப் பதிவில் எழுதும். நகலுக்குப் போய்ச்சேருவது அந்த வால்தான். பிரைமரியில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் காட்சியை (தரவுத்தளம் தன் நிலையைக் காட்டும் அட்டவணை) திறந்தால், இணைந்திருக்கும் ஒவ்வொரு நகலுக்கும் ஒரு வரி இருக்கும். அதில் சென்ட்_எல்எஸ்என், ரைட்_எல்எஸ்என், ஃப்ளஷ்_எல்எஸ்என், ரீப்ளே_எல்எஸ்என் என்று நான்கு இடங்கள்; எல்எஸ்என் என்பது வாலில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண். இதை ஒரு நெல் லொறியாகப் பாருங்கள். சென்ட் என்றால் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டாயிற்று. ரைட் என்றால் வவுனியாவுக்கு வந்தாயிற்று, இன்னும் பூட்டவில்லை. ஃப்ளஷ் என்றால் வவுனியாக் களஞ்சியத்தில் இறக்கிப் பூட்டியாயிற்று. ரீப்ளே என்றால் அங்குள்ள பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

களஞ்சியத்தில் இறங்கிய நெல் பதிவேட்டில் ஏறத் தாமதமானாலும் தொலையாது. ஆகவே தரவு இழப்பு அபாயத்தைச் சொல்வது ஃப்ளஷ். வவுனியாவில் அறிக்கை எடுப்பவருக்குப் பழைய கணக்கு தெரிகிறதா என்பதைச் சொல்வது ரீப்ளே. இந்த இரண்டையும் ஒரே கிராப்பில், ஒரே வரம்பில் போட்டு வைத்திருப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. நடு இரவில் எழுப்ப வேண்டியது முதலாவது. இரண்டாவது காலை வரை பொறுக்கும்.

குறைந்தது நான்கு விஷயங்களைக் கண்காணிப்பில் போடுங்கள். நகலுக்கென்று ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லொட் (நகல் எதுவரை பெற்றது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு) வைத்து, பிஜி_கரண்ட்_வால்_எல்எஸ்என் தரும் இடத்திலிருந்து அந்த ஸ்லொட்டின் ரீஸ்டார்ட்_எல்எஸ்என்-ஐக் கழித்து வரும் பைட் கணக்கு. 5 செக்கனுக்கு ஒருமுறை பிரைமரியில் நேரம் எழுதப்படும் ஒற்றை வரித் துடிப்பு அட்டவணை; அதை நகலில் வாசித்து இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் பின்தங்கல் செக்கனில் கிடைக்கும். ‘ஸ்ட்ரீமிங்’ நிலையில் எத்தனை நகல் இருக்கிறது என்ற எண்ணிக்கை. பிரைமரியில் வால் இருக்கும் டிஸ்கில் மீதமுள்ள இடம்.

ஸ்லொட்டை வைத்துப் பைட் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. இணைப்பு அறுந்தால் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் அந்த நகலின் வரியே மறைந்துவிடும். ஸ்லொட் மறையாது. நேரடி நகலின் ஸ்லொட்டில் ரீஸ்டார்ட்_எல்எஸ்என் என்பது நகல் கடைசியாக ‘எழுதிப் பூட்டிவிட்டேன்’ என்று சொன்ன இடம். ஆகவே இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘இப்போது பிரைமரி எரிந்தால் எவ்வளவு போகும்’ என்பதற்குப் பதில் சொல்லும் எண் அதுதான்.

இந்த எண்களை எடுக்கும் பயனருக்கு பிஜி_மொனிட்டர் உரிமை கொடுங்கள். கிராப் முழுவதும் காலியாக இருக்கிறது, ஆனால் சுப்பர்யூசராகப் போய்ப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது என்றால், காரணம் அந்த உரிமை இல்லாததுதான். சாதாரணப் பயனருக்கு அந்தக் காட்சியில் வரி தெரியும், உள்ளே பெட்டிகள் வெறுமையாக இருக்கும்.

## “இரவில் பின்தங்கல் ஏறிக்கொண்டே போகிறது, காலையில் தானாகவே சரியாகிவிடுகிறது”

நகலில் பிஜி_லாஸ்ட்_எக்ஸாக்ட்_ரீப்ளே_டைம்ஸ்டாம்ப் என்ற ஃபங்ஷனை இப்போதைய நேரத்திலிருந்து கழித்துப் போட்டிருப்பீர்கள். அது சொல்வது கடைசியாக ஏறிய டிரான்ஸாக்ஷன் (ஒரு பதிவு நடவடிக்கை) எப்போது கமிட் ஆனது, அதாவது உறுதியானது, என்பதை. இரவு 8 மணிக்கு நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனால் புதிய டிரான்ஸாக்ஷன் எதுவும் இல்லை. காலை 6 மணிக்கு அந்தக் கழித்தல் 10 மணித்தியாலம் என்று காட்டும். நகல் ஒரு பைட்கூடப் பின்தங்கவில்லை.

துடிப்பு அட்டவணை வந்ததும் இந்தப் பொய் எச்சரிக்கை நின்றுவிடும், ஏனென்றால் 5 செக்கனுக்கு ஒரு டிரான்ஸாக்ஷன் எப்படியும் ஓடும். துடிப்பை எழுதும் சிறு புரோகிராமே நின்றுபோனால் நகலில் பின்தங்கல் ஏறுவது போலத் தெரியும். ஆகவே துடிப்பின் வயதை பிரைமரியிலும் அளந்து வையுங்கள். இரண்டு இடத்திலும் ஏறினால் எழுதுபவர் நின்றுவிட்டார். நகலில் மட்டும் ஏறினால் நகலில்தான் விஷயம்.

## “கிராப் பூச்சியம் காட்டுகிறது, ஆனால் இன்றைய பற்றுச்சீட்டு ஒன்றும் வவுனியாவில் இல்லை”

இந்த வழிமுறையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். பொய் எச்சரிக்கை தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். பொய் நிம்மதி கணக்கையே கொண்டுபோய்விடும்.

மேலே சொன்ன இரவுப் பிரச்சினைக்குப் பலர் போடும் வைத்தியம் இப்படி இருக்கும்: நகல் பெற்றுக்கொண்ட கடைசி இடமும் ஏற்றிய கடைசி இடமும் ஒன்றாக இருந்தால் பின்தங்கல் பூச்சியம் என்று எடு, இல்லாவிட்டால் மட்டும் நேரத்தைக் கழி. பார்க்கச் சரியாகத்தான் தெரியும். இப்போது மாங்குளத்துக்குப் பக்கத்தில் வீதி வேலைக்குத் தோண்டி பைபர் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நகலுக்குப் புதிதாக எதுவும் வராது. வந்ததையெல்லாம் அது ஏற்றி முடித்துவிடும். பெற்றதும் ஏற்றியதும் ஒன்று, ஆகவே பூச்சியம். இணைப்பு ஒரு கிழமை அறுந்து கிடந்தாலும் பச்சை நிறத்தில் பூச்சியம்.

பிரைமரிப் பக்கம் நின்று பார்ப்பவருக்கும் இதே பொறி வேறு வடிவத்தில் இருக்கிறது. புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ‘பின்தங்கல் 60-ஐத் தாண்டினால் எச்சரி’ என்று விதி எழுதியிருப்பீர்கள். நகல் துண்டானதும் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் வரி இல்லை. வரி இல்லாவிட்டால் எண் இல்லை. எண் இல்லாவிட்டால் 60-ஐத் தாண்டுவதற்கும் ஒன்றும் இல்லை. விதி பேசாமல் இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கும்போதும் ரீப்ளே_லேக் போன்ற நேரப் பெட்டிகள் வேலையில்லாத வேளையில் வெறுமையாகிவிடும் என்பதால், வெறுமை என்றால் நல்லதா கெட்டதா என்று கிராப்பைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

சோதிக்கும் ஒழுங்கு இது. பிரைமரியில் அந்தக் காட்சியில் வரி இருக்கிறதா? இருந்தால் நிலை ‘ஸ்ட்ரீமிங்’ தானா, ‘கேட்ச்அப்’ என்று இருக்கிறதா? வரி இல்லையென்றால் நகலில் பிஜி_ஸ்டாட்_வால்_ரிசீவர் காட்சியைப் பாருங்கள். அங்கும் வரி இல்லையென்றால் நகலின் லொக் கோப்பில் ஒவ்வொரு 5 செக்கனுக்கும் இணையப் பார்த்துத் தோற்ற செய்தி இருக்கும். காரணம் அதிலேயே எழுதியிருக்கும். அநேகமாகக் கடவுச்சொல் மாறியிருக்கும், ரௌட்டர் மாறியதால் ஐபி மாறியிருக்கும், அல்லது கீழே தனியாகச் சொல்லப்போகும் அழிந்த வால் விவகாரமாக இருக்கும்.

சரிசெய்வது இரண்டு விதிகளால். ஸ்ட்ரீமிங் நகல்களின் எண்ணிக்கை இருக்க வேண்டியதை விடக் குறைந்து 2 நிமிடம் நீடித்தால் எச்சரிக்கை. துடிப்பின் வயதோ ஸ்லொட் பைட் எண்ணோ வரவே இல்லையென்றாலும் எச்சரிக்கை. புரோமிதியஸில் அதற்கு ஆப்சென்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. 2 நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம், கேபிள் சத்தமில்லாமல் அறுந்தால் வால்_சென்டர்_டைம்அவுட் முடியும் வரை, அதாவது இயல்பாக 60 செக்கன், பிரைமரி அந்த வரியை வைத்துக்கொண்டே இருக்கும். பைபரிலிருந்து 4ஜிக்கு மாறும் ஒவ்வொரு முறையும் போன் அடித்தால் பிறகு யாரும் போனைப் பார்க்கமாட்டார்கள்.

மைஎஸ்கியூஎல் என்ற வேறு தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். செக்கன்ட்ஸ்_பிஹைண்ட்_சோர்ஸ் என்பது நகல் தன்னிடம் வந்துசேர்ந்ததை எவ்வளவு தூரம் ஏற்றியிருக்கிறது என்றுதான் பார்க்கும். இணைப்பு மெதுவாக இருந்து பதிவுகள் பாதி வழியில் நின்றால் அது பூச்சியம் காட்டும். அங்கும் துடிப்பு அட்டவணைதான் வழி; பெர்க்கோனா கருவிப்பெட்டியில் பிடி-ஹார்ட்பீட் என்று அதற்கென்றே ஒன்று இருக்கிறது. செமி-சிங்க் (நகல் ‘பெற்றேன்’ என்று சொல்லும் வரை கமிட் காத்திருக்கும் முறை) போட்டிருக்கிறோம், இழப்பு இல்லை என்று நம்பியிருப்பவர்கள் அதன் காத்திருப்பு எல்லை இயல்பாக 10 செக்கன் என்பதை மறக்கக்கூடாது. அதற்குப் பிறகு அது காத்திருக்காத சாதாரண அசிங்க் முறைக்கு இறங்கிவிடும். இறங்கியதற்கும் ஓர் எச்சரிக்கை தேவை.

## “பின்தங்கல் எப்போதும் சரியாக 5 மணி 30 நிமிடம்”

நேர வலயம். துடிப்பு அட்டவணையில் நேர வலயம் இல்லாத டைம்ஸ்டாம்ப் பெட்டி போட்டிருக்கிறீர்கள். எழுதுபவர் யூடிசியில், வாசிப்பவர் கொழும்பு நேரத்தில். பெட்டியை நேர வலயமும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப்டிஸட் ஆக மாற்றினால் முடிந்தது. சில செக்கன் மட்டும் மைனஸில் காட்டினால் இரண்டு சேர்வரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. குரோனி என்ற நேரம் ஒத்திசைக்கும் மென்பொருளைப் போட்டு இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் பழைய மெஷின்களின் மதர்போர்டு பட்டரியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

## “ஃப்ளஷ் நன்றாக இருக்கிறது, ரீப்ளே மட்டும் பின்னால் நிற்கிறது”

தரவு பத்திரமாக வவுனியாவில் இருக்கிறது. பதற வேண்டாம்.

பெரும்பாலும் யாரோ நகலில் நீளமான அறிக்கை ஒன்றை ஓடவிட்டிருப்பார்கள். அந்த அறிக்கைக்கான குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) பார்த்துக்கொண்டிருக்கும் பழைய வரிகளை வால் அழிக்க வரும்போது இரண்டும் மோதும். மெக்ஸ்_ஸ்டான்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே இயல்பாக 30 செக்கன் பொறுத்துவிட்டுக் குவெரியை வெட்டிவிடும். அதை மைனஸ் 1 ஆக்கியிருந்தால் குவெரி முடியும் வரை நகல் காத்துக்கிடக்கும். மாத முடிவு அறிக்கைக்காக யாரோ ஒருநாள் மாற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். ஹொட்_ஸ்டான்ட்பை_ஃபீட்பேக்கைப் போட்டால் மோதல் குறையும், ஆனால் பிரைமரியில் பழைய வரிகள் சேர்ந்து அட்டவணை வீங்கும். கணக்குப் பகுதி ஒரு நாளைக்கு இரண்டு அறிக்கைதான் எடுக்கிறது என்றால் ஃபீட்பேக்கைப் போடுவதே மேல் என்பது என் எண்ணம். அறிக்கைப் பாவனை நாள் முழுவதும் என்றால் அதற்கென்று இன்னொரு நகல் வையுங்கள்.

எந்தக் குவெரியும் ஓடவில்லை, ஆனால் ரீப்ளே அசையவே இல்லை என்றால் பிஜி_இஸ்_வால்_ரீப்ளே_போஸ்ட் கேட்டுப் பாருங்கள். பராமரிப்புக்காக நிறுத்தியதை யாரோ திரும்பத் தொடக்கவில்லை. ரிகவரி_மின்_அப்ளை_டிலே அமைப்பில் ஏதாவது எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

## “பகலில் ஃப்ளஷ் பின்தங்குகிறது, மாலையில் பிடித்துவிடுகிறது”

இதுதான் உண்மையான இழப்பு அபாயம். எங்கே அடைக்கிறது என்பதை இடைவெளி சொல்லும். பிரைமரியின் இப்போதைய இடத்துக்கும் சென்ட்டுக்கும் நடுவே பெரிதாக இருந்தால் இணைப்பு கொள்ளவில்லை. சென்ட் போய்விட்டது, ரைட்டுக்கும் ஃப்ளஷுக்கும் நடுவே நிற்கிறது என்றால் நகலின் டிஸ்க் மெது.

இணைப்புத்தான் என்றால் முதலில் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வால் உருவாகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு நேரத்தில் வால் இடத்தை எடுத்துக் கழித்தால் போதும். அந்த எண்ணை 4ஜி ரௌட்டரின் அப்லோட் வேகத்தோடு ஒப்பிடுங்கள். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். கிளிநொச்சியிலிருந்து போவது அப்லோட். வால் எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு இருந்தால் செக்பொயின்ட் (நினைவகத்திலுள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதி முடிக்கும் வேலை) அடிக்கடி நடக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு செக்பொயின்டுக்கும் பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அந்தப் பக்கம் முழுவதும் வாலில் எழுதப்படும். செக்பொயின்ட்_டைம்அவுட் இயல்பாக 5 நிமிடம். அதை 15 அல்லது 30 ஆக்கி, மெக்ஸ்_வால்_சைஸையும் கூட்டி, வால்_கம்ப்ரெஷனைப் போட்டால் பல இடங்களில் இந்த ஒன்றே போதுமாக இருக்கும்.

## “கமிட் தொங்கி நிற்கிறது, தராசுக்கு முன்னால் வரிசை நீளுகிறது”

இழப்பே வேண்டாம் என்று சிங்க்ரனஸ் (நகல் ஒப்புக்கொண்ட பிறகே கமிட் முடியும் முறை) போட்டிருக்கிறீர்கள். நகலோ ஒன்றே ஒன்று, அதுவும் வவுனியாவில். இணைப்பு அறுந்ததும் கிளிநொச்சியில் எந்தக் கமிட்டும் முடியாது. பிஜி_ஸ்டாட்_அக்டிவிட்டியில் காத்திருப்புக் காரணம் சிங்க்ரெப் என்று இருந்தால் இதுதான்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. காத்து நிற்கும் அந்தப் பற்றுச்சீட்டு பிரைமரியின் டிஸ்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எழுதுவினைஞர் திரை உறைந்துவிட்டது என்று நினைத்து மூடித் திறந்து அதே மூட்டைகளுக்கு மறுபடி ‘சேமி’ அழுத்துவார். இணைப்பு திரும்பியதும் ஒரே நெல்லுக்கு இரண்டு பற்றுச்சீட்டு. ஒவ்வொரு நிறுப்புக்கும் தராசுப் பக்கமே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, தரவுத்தளத்தில் அதை யூனிக் ஆக்கினால் இரண்டாவது உள்ளே வராது.

அமைப்பில் இரண்டு வழி இருக்கிறது. சிங்க்ரனஸ்_கமிட்டை ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் தனித்தனியாக வைக்கலாம். பொதுவாக லோக்கல் (நகலுக்குக் காத்திராது), கொடுப்பனவுக்கு மட்டும் ஒன் (on, காத்திருக்கும்). அல்லது கிளிநொச்சியிலேயே இரண்டாவது நகல் ஒன்று வைத்து, இரண்டில் ஏதாவது 1 ஒப்புக்கொண்டால் போதும் என்று சிங்க்ரனஸ்_ஸ்டான்ட்பை_நேம்ஸில் எழுதலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். ஆனால் அந்த நகல் அதே கட்டடத்தில், அதே கரண்டில், அதே தரையில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததை இங்கு எல்லோரும் பார்த்தார்கள். உள்ளூர் நகல் ஒப்புக்கொண்டது என்பதற்காக வவுனியாவின் ஃப்ளஷ் இடைவெளிக்கான எச்சரிக்கையை எடுத்துவிடாதீர்கள்.

## “பிரைமரியின் டிஸ்க் நிறைந்துகொண்டு போகிறது”

பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லொட்ஸைப் பாருங்கள். அக்டிவ் ‘இல்லை’ என்று ஒரு ஸ்லொட் இருந்தால், அது திரும்பி வரும் வரை பிரைமரி எல்லா வாலையும் சேர்த்து வைத்திருக்கும். மெக்ஸ்_ஸ்லொட்_வால்_கீப்_சைஸ் இயல்பாக மைனஸ் 1, அதாவது எல்லையே இல்லை. டிஸ்க் நிறைந்தால் போஸ்ட்கிரெஸ் பெனிக் ஆகி விழும். நகலைக் காப்பாற்றப் போய்ப் பிரைமரியே நின்றுவிடும்.

எல்லையை எப்படி முடிவு செய்வது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்தார்கள். அப்படியொரு நாளில் வவுனியா இருட்டிலும் கிளிநொச்சி ஜெனரேட்டரிலும் இருந்தால் 13 மணித்தியால வால் சேரும். மணித்தியாலத்துக்கு 300 எம்பி என்றால் ஏறத்தாழ 4 ஜிபி. அதோடு நகல் திரும்பப் பிடிக்க எடுக்கும் நேரத்தையும், ஒரு சனி ஞாயிறையும் சேர்த்து, டிஸ்கில் மீதமுள்ள இடத்தின் பாதியைத் தாண்டாமல் வையுங்கள். பிறகு சேஃப்_வால்_சைஸ் குறைவதற்கும், வால்_ஸ்டேட்டஸ் ‘அன்ரிசர்வ்ட்’ ஆவதற்கும் எச்சரிக்கை. ‘லாஸ்ட்’ ஆன பிறகு வரும் எச்சரிக்கையால் பிரயோசனம் இல்லை.

பிஜி_வால் கோப்புறைக்குள் போய்க் கையால் எதையும் அழிக்கவே அழிக்காதீர்கள். அந்த நகல் இனி வேண்டாம் என்றால் ஸ்லொட்டை அழியுங்கள். வாலை போஸ்ட்கிரெஸ் தானே எடுத்துவிடும்.

## “கேட்ட வால் துண்டு ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது”

நகலின் லொக்கில் இந்தப் பிழை வந்தால், அந்த நகல் தானாகத் திரும்பப் பிடிக்காது. வால் ஆர்க்கைவ் (வாலைத் தனியாகச் சேமித்து வைக்கும் இடம்) இருந்தால் ரிஸ்டோர்_கமாண்ட் வழியாக இடைவெளியை நிரப்பலாம். இல்லையென்றால் பிஜி_பேஸ்பேக்அப் மூலம் தரவுத்தளத்தின் முழுப் பிரதி எடுத்து நகலைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

தரவுத்தளம் பெரிதாக இருந்து கையில் 4ஜி மட்டும் இருந்தால் பேஸ்பேக்அப்பை வெளி டிஸ்கில் எடுத்து யாழ்ப்பாணம்–வவுனியா பஸ்ஸில் கொண்டுபோவதே விரைவு. பேஸ்பேக்அப் எடுக்கும்போதே புதிய ஸ்லொட்டையும் உருவாக்கச் சொல்லுங்கள். டிஸ்க் வீதியில் போய்க்கொண்டிருக்கும் நேரம் உருவாகும் வால் அந்த ஸ்லொட்டால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். டிஸ்கைக் குறியாக்கம் செய்துதான் கொடுத்தனுப்ப வேண்டும். அதில் விவசாயிகளின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன.

நகல் மீண்டும் எழும் வரை உங்களிடம் நகல் இல்லை. அந்த நாட்களில் ஆர்க்கைவையாவது வேறு ஊருக்கு அனுப்புங்கள். பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் ஃபெயில்ட்_கவுன்ட் கூடுகிறதா என்று பாருங்கள். நகல் நன்றாக ஓடும் காலத்திலும் ஆர்க்கைவ் வேண்டும். யாராவது தவறாக ஒரு அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பும் சில செக்கனில் வவுனியாவுக்குப் போய்விடும்.

## “எல்லாம் விழுந்தது, ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை”

கண்காணிப்பு எங்கே ஓடுகிறது? கிளிநொச்சியில் அதே சேர்வரில் என்றால் சேர்வரோடு அதுவும் போய்விட்டது. அறுந்த அதே இணைப்பு வழியாக டெலிகிராம் செய்தி அனுப்பப் பார்த்தால் செய்தி போகாது. இரண்டு ஊருக்கும் வெளியே, கிளவுடில் ஒரு சின்ன மெஷின் எடுத்து அங்கே வையுங்கள். எச்சரிக்கை அனுப்பும் பகுதியே உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு விதியை வைத்து, அது வராமல் நின்றால் வேறொரு சேவை அழைக்கும்படி செய்யுங்கள். இணையம் கிடைக்காத இடத்திலும் எஸ்எம்எஸ் போய்ச்சேர வாய்ப்பு உண்டு. மல்லாவி, விசுவமடு பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு டெலிகிராமை மட்டும் நம்பி இருப்பது சரிவராது.

## “நகலைப் பிரைமரி ஆக்கினோம், பற்றுச்சீட்டு எண் தாண்டிப் போகிறது”

1019-க்குப் பிறகு 1033 என்று வந்தால் 13 பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். தொடர் எண் தரும் போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் ஒவ்வொரு தடவையும் 32 எண்களை முன்கூட்டியே வாலில் குறித்துவைக்கும். ஃபெயில்ஓவருக்கு, அதாவது நகலைப் பிரைமரி ஆக்கியதற்கு, பிறகு அந்தக் குறிப்பின் முடிவிலிருந்து எண் தொடங்கும். அந்த 13-இல் சில உண்மையாகவே அடித்துக் கொடுக்கப்பட்டவையாக இருக்கலாம், மிச்சம் யாருக்கும் போகாத எண்கள். தராசுக்குப் பக்கத்திலுள்ள கார்பன் பிரதிப் புத்தகத்தைத் திறந்தால் எது எது என்று தெரியும்.

பழைய பிரைமரி கரண்ட் வந்ததும் எழுந்துவிடலாம். அதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய பிறகே இயக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் பற்றுச்சீட்டு அடிபடும். அதை நகலாக மாற்றும் அவசரத்தில், பழைய பிரைமரியைப் புதியதோடு ஒத்துப்போக வைக்கும் பிஜி_ரிவைண்டை நேராக ஓடவிடாதீர்கள். வவுனியாவுக்குப் போய்ச்சேராத வரிகளின் ஒரே பிரதி அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. ரிவைண்ட் அதை அழித்துவிடும். முதலில் டேட்டா கோப்புறையை முழுவதுமாக வேறு டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியைத் தனி மெஷினில் எழுப்பி, பற்றுச்சீட்டு அட்டவணையைப் புதிய பிரைமரியோடு ஒப்பிட்டு, இல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கார்பன் பிரதியோடு சரிபார்த்து உள்ளிடுங்கள். ரிவைண்ட் அதற்குப் பிறகு.

## வரம்பு வைத்த பிறகு

அறுவடைக்கு முன், மார்கழியில் ஒரு வேலைநாள் காலையில் சோதித்துப் பாருங்கள். நகலின் சேவையை நிறுத்தினால் மட்டும் போதாது; ஃபயர்வோலில் போர்ட்டை மூடிச் சத்தமில்லாத அறுப்பையும் செய்து பாருங்கள், இரண்டும் கண்காணிப்பில் வேறு வேறு மாதிரித் தெரியும். முதல் 60 செக்கன் வரி ஸ்ட்ரீமிங் என்றே இருக்கும், ஸ்லொட் பைட் ஏறும், பிறகு வரி மறையும், எண்ணிக்கை எச்சரிக்கை வரும். பிஜி_வால்_ரீப்ளே_போஸ் கொடுத்து ரீப்ளேயை மட்டும் நிறுத்திப் பாருங்கள். இழப்பு எச்சரிக்கை வரக்கூடாது, பழைய கணக்கு எச்சரிக்கை மட்டும் வர வேண்டும். கடைசியாகத் துடிப்பு எழுதுபவரை நிறுத்துங்கள். எந்த எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் யாருடைய போனுக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி சேர்வர் ரக்கில் ஒட்டிவையுங்கள். ரீப்ளேயைத் திரும்பத் தொடக்கிவிட்டீர்களா என்று போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.